தொட்டிலில் கிடந்த மடிக்கணினிக்கு வந்த அப்டேட்

அனுப்புநர்:
மா. ஜீவராணி,
பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர்,
பனிச்சோலைத் தோட்டம், கீழ்க்கணக்கு,
நோர்வூட்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மலைநாட்டுச் சிறுவர் பராமரிப்புப் பயிற்சிச் செயலகம்,
ஹட்டன்.

விடயம்: மடிக்கணினிகளின் வன்தட்டுத் தடங்கலை நீக்கவென அனுப்பப்பட்ட அப்டேட், அதன் பயனாக நான் எழுதிக்கொண்டிருந்த பரீட்சைக்கே நான் வரவில்லை எனப் பதியப்பட்டமை, மறுபரீட்சை கோரல் என்பன தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முறைப்பாடுகள் இணையவழியில் மட்டுமே ஏற்கப்படும் என்ற தங்கள் செயலகத்தின் அறிவித்தலை நான் வாசித்திருக்கிறேன். முறைப்பாடே அந்த இணையப் பக்கத்தைத் திறக்க வேண்டிய மடிக்கணினியைப் பற்றியது என்பதால், வேறு வழியின்றிப் பேனாவை எடுத்துள்ளேன். இந்தத் துணிச்சலுக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். பேனா இதுவரை இடையில் நிற்கவில்லை, அப்டேட் எதுவும் கேட்கவும் இல்லை. அந்த உற்சாகத்தில் மனு சற்று நீண்டுவிட்டது. தாங்கள் பொறுமையோடு வாசிப்பீர்கள் என நம்புகிறேன். பொறுமை என்றால் என்னவென்று எங்களுக்குக் கற்றுத் தந்ததே தங்கள் செயலகம்தான்.

1. நான் மேற்படி தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவுக்குப் பல வருடங்களாகப் பொறுப்பாக இருப்பவள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்குமுன் தங்கள் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. சில காலத்துக்கு முன் அதற்குச் "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" என்று பெயர் மாற்றி, மூன்று மொழிகளிலும் பலகை மாட்டினீர்கள். பலகை இன்றும் நன்றாக இருக்கிறது. மழை பெய்தால் ஒழுகுவது கூரை மட்டும்தான்.

கட்டடம் நிற்பது ஸ்டோரின் பின்சுவரோடு ஒட்டியபடி. ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்து உருட்டும் ரோலர்கள், இந்தப் பக்கம் எங்கள் தொட்டில்கள். ரோலர்கள் ஓடும்போது எங்கள் தரையும் சேர்ந்து மெல்ல அதிரும். பிள்ளைகளுக்கு அந்த அதிர்வு பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் லயத்து வீட்டில் தூக்கம் வராமல் அழுகிறார்கள் என்று தாய்மார் வந்து சொல்வதுண்டு. பிள்ளைகளுக்கு ஒத்துக்கொண்ட அதிர்வு தாங்கள் தந்த மடிக்கணினிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மனுவின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் எனது ஆற்றாமை.

2. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு இனி டிப்ளோமா வேண்டும் என்று தாங்கள் அறிவித்தபோது நான் முகம் சுளிக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோன படிப்பு திரும்பவும் கிடைக்கிறதே என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கீழ்வரும் பந்திகளில் சந்தோஷத்துக்கு இடம் குறைவு.

பாடங்களும் பரீட்சையும் மடிக்கணினி வழியாகத்தான் என்றும், அந்த மடிக்கணினி பதிவுசெய்யப்பட்ட நிலையத்தில் இருந்தால் மட்டுமே பாடத்தைத் திறக்கும் என்றும் கூறப்பட்டது. ஹட்டனில் விழா எடுத்தீர்கள். மடிக்கணினிகளை மேடையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி வழங்கினீர்கள். "இனி உலகமே உங்கள் மடியில்" என்று ஒரு பேச்சாளர் கூறினார். அன்று எந்த மடிக்கணினியிலும் ஒரு குறையும் காணப்படவில்லை. அன்று ஒன்றையும் யாரும் திறக்கவில்லை.

3. பிள்ளைக்காம்பராவில் வைத்து முதன்முதலாகத் திறந்தபோது பாடம் அழகாக ஆரம்பமாகியது. பின்பு உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். திரை அப்படியே உறைந்தது. அன்றைய பாடம் கைகழுவுதல். கற்பித்த அம்மணி இரண்டு கைகளிலும் சோப்பு நுரையோடு, வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். நான் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன், நின்றார். ஈரத்துணிகளைக் காயப் போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் நின்றார். இவ்வளவு நேரம் சோப்புப் போட்டால் கைத்தோல் என்னத்துக்கு ஆகும் என்று எனக்கே கவலையாகிவிட்டது.

தங்கள் கணினி உத்தியோகத்தர் திரு. ஜெயதீபன் அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. தங்கள் செயலகத்தில் அழைப்பை எடுத்துப் பேசும் ஒரே மனிதர் அவர்தான் என்பதையும் நன்றியுடன் பதிவுசெய்கிறேன். மடிக்கணினியின் வன்தட்டு உள்ளே சுழலும் ஒரு தகடு என்றும், அதிர்வு வந்தால் தகட்டில் கீறல் விழாதிருக்க அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்றும் விளக்கினார். அதாவது, கெட்டுப்போகாமல் இருப்பதற்காகத்தான் அது வேலை செய்வதில்லை. பிறகு ஓர் ஆலோசனையும் தந்தார்: "அக்கா, நீங்கள் படிக்கிற நேரம் மட்டும் அந்த ஃபக்டரிய ஒருக்கா நிப்பாட்டச் சொல்லிப் பாருங்கோவன்."

யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில்தான் மாற்றலாகி வந்தவர் என்பதால் அவரை மன்னிக்கலாம். ஆனாலும் உத்தியோகபூர்வமான ஆலோசனை என்பதால், ரோலர் அறையில் வேலை செய்யும் கந்தப்பன் அண்ணனிடம் அதை அப்படியே ஒப்புவித்தேன். "தொரைக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க டீச்சர். நான் பக்கத்துல நின்னு வேடிக்க பாக்குறேன்" என்றார். தோட்டத் துரையிடம் நான் போகவில்லை.

ரோலர்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் படிக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடத்தளம் பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கும் என்று திரையில் வந்தது. நல்ல பராமரிப்பு.

4. இதற்கிடையில் ஒரு மழைநாள். கூரை ஒழுகி மேசை நனைந்தது. மடிக்கணினியை எங்கே வைப்பது என்று தெரியாமல், அன்று வராத ஒரு பிள்ளையின் தொட்டிலில் வைத்தேன். தொட்டில் என்றால் கூரை வளையிலிருந்து கட்டித் தொங்கவிட்ட பழைய சேலைதான். வைத்த சிறிது நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. சோப்புப் போட்ட அம்மணி ஒருவழியாகக் கையைக் கழுவி முடித்து, துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தரை அதிர்கிறது, தொங்கும் சேலைக்கு அந்த அதிர்வு வந்து சேர்வதில்லை. அன்றிலிருந்து நான் தொட்டிலருகில் நின்றபடி குனிந்து பாடம் படித்தேன். தினமும் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்து மலைக்குப் போகும் காளியாயி அதைப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், பேரு என்னமோ மடிக்கணினிங்கிறாங்க, நீங்க தொட்டியில போட்டுத் தாலாட்டுறீங்களே" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். எல்லாப் பாடங்களையும் அந்தத் தொட்டிலில்தான் முடித்தேன். இடுப்பு வலித்தது என்பதைத் தவிர, அந்த மாதங்களில் எனக்கும் அந்தக் கணினிக்கும் இடையே எந்த மனத்தாங்கலும் இல்லை. தங்கள் செயலகமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

5. அப்படி நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் தாங்கள் எங்களுக்கு உதவி செய்யத் தீர்மானித்தீர்கள்.

"வன்தட்டுத் தடங்கலுக்கு நிரந்தரத் தீர்வு" என்ற தலைப்பில் சுற்றறிக்கை வந்தது. பரீட்சைக்கு முன் அனைவரும் அப்டேட் போட்டிருக்க வேண்டும், போடாதவர்களின் பரீட்சை திறக்காது என்று அதில் இருந்தது. அவ்வளவு பெரிய அப்டேட்டை இறக்கும் அளவுக்கு எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது மாரியம்மன் கோயில் படிக்கட்டில் மட்டும்தான். மடிக்கணினியைப் பிள்ளைகளின் கம்பளியில் சுற்றி அங்கே தூக்கிக்கொண்டு போய், அரைவாசி நாள் உட்கார்ந்து இறக்கினேன். கோயிலுக்கு வந்தவர்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள்.

அப்டேட்டுக்குப் பின் ஏற்பட்ட மாற்றத்தை நேர்மையாகக் கூறுகிறேன். முன்பு கணினி காரணம் சொல்லாமல் நின்றது. இப்போது காரணம் சொல்லிவிட்டு நிற்கிறது. "சாதனம் அசைகிறது. பாதுகாப்புக் கருதி நிறுத்தப்பட்டுள்ளது. சமதளத்தில் வைக்கவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிவப்புப் பெட்டி வருகிறது. முன்பு தடங்கல் தானாகவே தீரும். இப்போது தகடு முழுமையாக அமைதியடைந்தது என்று கணினி மனதாரத் திருப்திப்படும்வரை தீராது. ஐயா, எங்கள் தோட்டத்தில் சமதளம் என்று இருப்பது துரை பங்களாவின் புல்தரை ஒன்றுதான். எங்கள் பிள்ளைகள் பந்து விளையாடினால் பாதி நேரம் பந்துக்குப் பின்னால் பள்ளத்துக்கு ஓடுவதிலேயே போய்விடும்.

இது என் ஒருத்தியின் புலம்பல் அல்ல. மடிக்கணினி பெற்ற எல்லாப் பொறுப்பாளர்களையும் சேர்த்துத் தங்கள் செயலகம் "கணினிக் குடும்பம்" என்ற வட்ஸ்அப் குழுவை ஆரம்பித்திருந்தது. அப்டேட் வந்த வாரம் அந்தக் குடும்பம் பட்ட பாட்டைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். நானுஓயாவில் ரயில் பாதையோரம் நிலையம் நடத்தும் கலைமதி, "ரயில் வருதுன்னு இப்பல்லாம் ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருதுங்க" என்று எழுதினாள். நல்லதண்ணியில் இருக்கும் புஷ்பராணி, யாத்திரைக் காலம் ஆரம்பமானதும் கடைத்தெரு ஒலிபெருக்கிகள் முழங்குமே, அப்போது என்ன செய்வது என்று கேட்டாள். சிவனொளிபாதமலையில் ஏறி இறங்கி நேர்ந்துகொள்ளும்படி யாரோ பதில் போட்டார்கள். அப்டேட் போட்ட பிறகு ஒரு புதுச் சத்தம் வருகிறது என்று ஒருத்தி பதிந்து அனுப்பினாள். கேட்டுப் பார்த்தால் அது அவள் வீட்டுக் கோழி.

இத்தனை பேருக்கு மத்தியில், பொகவந்தலாவைப் பக்கத்துச் சுலக்ஷனா மட்டும், "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லைங்க, சூப்பரா இருக்கு" என்று எழுதினாள். செயலகம் உடனே அவளைப் பாராட்டி மலர்க்கொத்துப் படம் அனுப்பியது. எப்படி என்று நான் தனியாகக் கேட்டபோது, அப்டேட்டை வேறொருவர் வந்து போட்டுக் கொடுத்ததாகவும், பிள்ளைகள் தொட்டுவிடக்கூடாது என்று திரும்பவும் பெட்டியிலேயே போட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டதாகவும் சொன்னாள். அவளை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் பெயரை இங்கே எழுதியது, தங்கள் அப்டேட் எந்த நிலைமையில் சிறப்பாக இயங்குகிறது என்பதைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவு அறிந்துகொள்வதற்காக மட்டுமே.

மற்றவர்களின் கேள்விகளுக்குச் செயலகத்திலிருந்து கும்பிடும் கைப் படம் ஒன்று வந்தது. அதன் பிறகு அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றப்பட்டது. நிரந்தரத் தீர்வு என்று தாங்கள் கூறியது அந்தக் குழுவைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு உண்மை.

6. இனிப் பரீட்சை. ஐயா இந்தப் பந்தியை மட்டுமாவது முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

பரீட்சை ஒரு வேலைநாள் காலையில், ரோலர்கள் ஓடும்போது வைக்கப்பட்டது. ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால் அப்டேட்டுக்குப் பிறகும் தொட்டிலில் கணினி வேலை செய்கிறது என்பதை முதல் நாளே சரிபார்த்திருந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காகக் காளியாயி அன்று பெரட்டுக்குப் போகாமல் என்னோடு நின்றாள். பரீட்சார்த்தியின் முகத்தைக் கணினியின் கேமரா பதிவுசெய்துகொண்டே இருக்கும் என்று சொல்லியிருந்ததால், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு தொட்டிலுக்கு மேல் குனிந்து நின்றேன். பதற்றத்தில் ஒரு கையால் தொட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கேள்விகள் எல்லாம் படித்தவைதான். பயம் போய்விட்டது. பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. அடுத்த கேள்வி, தூக்கத்தில் சிணுங்கும் கைக்குழந்தைக்குப் பராமரிப்பவர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பது. விடைகளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துத் தொட்டிலில் காளியாயியின் பிள்ளை சிணுங்கியது.

பிள்ளை சிணுங்கினால் எங்கள் கை தொட்டிலை ஆட்டும். அது எங்களைக் கேட்டுக்கொண்டு ஆட்டுவதில்லை. இருட்டிலும் ஆட்டும், பேசிக்கொண்டிருக்கும்போதும் ஆட்டும், சோறு சாப்பிடும்போது மற்றக் கையால் ஆட்டும். அன்று என் கை இருந்தது கணினி கிடந்த தொட்டிலில். ஆகவே அது கணினியை ஆட்டியது. "ஐயையோ டீச்சர், பொட்டிய ஆட்டுறீங்க!" என்று காளியாயி கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிடித்து நிறுத்தினேன். தொங்கும் சேலையை நிறுத்துவது தங்கள் செயலகம் குழுவை நிறுத்தியதுபோல் இலகுவான காரியம் அல்ல. ஆட்டம் நின்றாலும் அது மெல்லச் சுற்றும், சுற்றி முடித்தால் திரும்பிச் சுற்றும். சிவப்புப் பெட்டி வந்தது. கணினியை வெளியே எடுத்து மடியில் வைத்தேன், என் கால் நடுங்கியது, அதையும் அசைவு என்றது. தரையில் வைத்தேன், ரோலர். திரும்பவும் தொட்டிலில் வைத்து, நாங்கள் இருவரும் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். காளியாயியின் பிள்ளையும் ஏதோ புரிந்ததுபோல் சிணுங்குவதை நிறுத்தியது. கணினி திருப்திப்பட்டுக் கண் திறந்தபோது பரீட்சை நேரம் முடிந்திருந்தது.

கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடை, "மெதுவாகத் தொட்டிலை ஆட்டி அமைதிப்படுத்தல்". பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் அந்த விடையைக் குறிக்கவில்லை, செய்து காட்டினேன். அதற்குப் புள்ளி வழங்கும் வசதி தங்கள் மென்பொருளில் இல்லை என்பது புரிகிறது.

அன்று நான் அழுதேன். இதில் நையாண்டி எதுவும் இல்லை. பிள்ளைகளின் பால் குடுவைகளைக் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். "போகட்டும் விடுங்க டீச்சர், அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று காளியாயி முதுகைத் தடவினாள். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை எனத் தாங்கள் முன்பே அறிவித்திருந்தது அவளுக்குத் தெரியாது.

7. பெறுபேறு வந்தபோது நான் சித்தியடையவில்லை என்று இருக்கும் என எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. "வருகை தரவில்லை" என்று இருந்தது. விசாரித்ததில், கேமராப் பதிவைப் பார்த்த கண்காணிப்பாளர், "பரீட்சார்த்தி காணப்படவில்லை. கூரை மட்டும் முன்னும் பின்னும் அசைகிறது" என்று குறிப்பெழுதியிருப்பதாகத் திரு. ஜெயதீபன் கூறினார். தொட்டில் ஆடும்போது கேமராவுக்குக் கூரைதான் தெரியும் என்பதை மறுக்கவில்லை. அதற்கு முன்னால் அவ்வளவு நேரம் குனிந்து நின்ற முகம் யாருடையது என்று கண்காணிப்பாளருக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒழுகும் கூரையையாவது அவர் கவனித்திருந்தால் அதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தங்கள் முறைப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். அனுப்பும் இடத்தில் கணினி நின்றது. மீண்டும் திறந்தபோது முறைப்பாட்டைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, அப்டேட் பற்றிய என் திருப்தியை நட்சத்திரங்களால் தெரிவிக்கும்படி ஒரு பக்கம் வந்திருந்தது. ஒரு நட்சத்திரத்தை அழுத்தினேன். அசையவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். பிறகு ஒரேயடியாக எல்லா அழுத்தல்களும் போய்ச் சேர்ந்து, "ஐந்து நட்சத்திரங்கள் வழங்கியமைக்கு நன்றி" என்றது. பயனாளிகளின் பேராதரவு பெற்ற அப்டேட் என்று அண்மையில் தாங்கள் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஐந்தும் சேர்ந்திருக்கும் என்று அஞ்சுகிறேன்.

8. அதன் பின் தங்கள் பரிசோதகர் திரு. அம்பலவாணர் அவர்கள் நேரில் வந்தார். பெரிய மனிதர், மூச்சு வாங்க மலையேறி வந்தார், அதற்கு நன்றி. மதிய நேரம். சற்று வளர்ந்த பிள்ளைகள் வழக்கம்போல் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கணினி எப்படி வேலை செய்தது என்று காட்டச் சொன்னார். தொட்டிலில் வைத்துக் காட்டினேன். "என்ன பிள்ளை இது, கொம்பியூட்டருக்கும் தாலாட்டோ?" என்றார். தேநீர் கொடுத்தேன். அன்று கொழுந்து அதிகம், ரோலர்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடின. கோப்பை அதிர்ந்து தேநீர் தட்டில் சிந்தியது. அவர் சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் துடைத்தாரே தவிர, ஏன் சிந்துகிறது என்று கேட்கவில்லை.

அவருடைய அறிக்கையின் பிரதி எனக்கும் கிடைத்தது. "பிள்ளைகள் தரையில் கிடத்தப்பட்டிருந்தனர். செயலக உடைமையான கணினி தொட்டிலில் இடப்பட்டிருந்தது. பொறுப்பாளர் சாதனத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்" என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இவ்வளவு உண்மையான சொற்களைக் கொண்டு இவ்வளவு பெரிய பொய்யை எழுத முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

9. இறுதியாகத் தங்கள் கடிதம். டிப்ளோமாப் பரீட்சைக்கு வருகை தராதவள் என்ற காரணத்தால், இந்த வருட முடிவோடு நான் கடமையிலிருந்து நீக்கப்படுவேன் என்றும், சான்றிதழ் பெற்ற வேறொருவர் நியமிக்கப்படுவார் என்றும் அதில் உள்ளது.

வரப்போகிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் எங்கேயோ ஒரு சமதளத்தில் உட்கார்ந்து படித்துத்தான் சித்தியடைந்திருப்பார். இந்த வேலை போனால் கொழுந்து எடுக்கத்தான் போக வேண்டும், அதை நான் கேவலமாகவும் நினைக்கவில்லை. என் தாய் எடுத்தார், அதில்தான் நான் வளர்ந்தேன். ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும் ஐயா. அரைத்தூக்கத்தில் கொண்டுவந்து கையில் தரப்படும் பிள்ளையின் சூடு எனக்கு வேண்டும். பின்நேரம் தாய் வந்து கூப்பிடும்போது என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடிப்பார்களே, அது வேண்டும். நான் தவறு செய்து நீக்கப்பட்டால் தலைகுனிந்து போவேன். நான் நின்ற இடத்திலேயே நின்றிருக்க, நான் வரவில்லை என்று சொல்லி அனுப்புவதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

10. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: என் பெயருக்கு எதிரே உள்ள "வருகை தரவில்லை" என்பதை நீக்கி, எனக்கு மறுபரீட்சை ஒன்று தர வேண்டும். ரோலர்கள் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்த மென்பொருளைத் திறந்துவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை செயலகத்தார் ஓய்வெடுக்க வேண்டும் என்றால், கேள்விகளைத் தாளில் அனுப்புங்கள், தோட்டப் பாடசாலை அதிபரின் மேற்பார்வையில் பேனாவால் எழுதித் தருகிறேன். அத்தோடு அந்த ஐந்து நட்சத்திரங்களில் நான்கைத் திருப்பித் தாருங்கள். ஒன்றைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேண்டுகோளை ஏற்க முடியாது என்றால், தங்கள் நீக்கல் கடிதத்தின் கடைசிப் பந்தியைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவது என் கடமை. "மடிக்கணினி, பதிவுசெய்யப்பட்ட நிலையத்தில் நல்ல இயங்கு நிலையில் உள்ளது எனக் கணினி உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்திய பின்னரே பொறுப்பாளர் கடமையிலிருந்து விடுவிக்கப்படுவார்" என்று அதில் தாங்களே கையொப்பமிட்டிருக்கிறீர்கள். நான் மிகவும் கீழ்ப்படிதலுள்ளவள். கடிதம் கிடைத்ததும் திரு. ஜெயதீபன் அவர்களை அழைத்து, ஒப்படைக்கத் தயார் என்றேன். கடந்த வாரம் அவர் வந்தார். தொட்டிலில் வைப்பது தவறான பயன்பாடு என்று பரிசோதகரின் அறிக்கை இருப்பதால், மேசையில் வைத்துத் திறந்தார். ரோலர்கள் ஓடின. சிவப்புப் பெட்டி வந்தது. ஒரு முழு நாளும் காத்திருந்துவிட்டு, "அக்கா, இது வேலை செய்யுதெண்டு எழுதி நான் கையெழுத்து வைக்க ஏலாது" என்று சொல்லி, தாளை வெறுமையாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த அப்டேட் வந்ததும் திரும்ப வருவதாகச் சொன்னார்.

எனவே ஐயா, தங்கள் கடிதத்தின்படியே, அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்யும் நாள்வரை நான் விடுவிக்கப்பட முடியாதவள். அடுத்த அப்டேட்டை எவ்வளவு தாமதமாக அனுப்பினாலும் இம்முறை முறைப்பாடு செய்யமாட்டேன் என உறுதி கூறுகிறேன். காலையில் பெரட்டுக்கு முன் கதவைத் திறக்க வேண்டியிருப்பதால், இவ்வளவோடு முடித்து, தங்கள் முடிவை எதிர்பார்த்து என் இடத்திலேயே இருக்கிறேன்.

இவ்வண்ணம்,
இன்னும் கடமையில் உள்ள,

(ஒப்பம்) மா. ஜீவராணி

இடம்: பனிச்சோலைத் தோட்டம், நோர்வூட்.
திகதி: 2025.11.12